ஒளி படாத இடத்தில் வைக்கவும்

ஊர்ப்பேரே காகிதப்பட்டறை.
ஞாயிறு பள்ளிக்கு ஒரு கலர் தாள் வாங்கத்தான்
காணிக்கைப் பையைக் கணக்குப் பார்க்க வேண்டும்.
அதனால்
ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசையில்
நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து
காலி அட்டைப்பெட்டிகளைத்
துணிப்பையில் அமுக்கிக்கொண்டு
சனிக்கிழமை கடைசி பஸ் ஏறுவேன்.

இருமல் மருந்துப் பெட்டி நெட்டை.
கண் சொட்டுமருந்துப் பெட்டிக்குள்
ஒரு கட்டெறும்பு குடியிருக்கலாம்.
எல்லாவற்றின் முதுகிலும் ஒரு விலை,
விலைக்குக் கீழே காலாவதி ஆகும் மாதம்.

நீடிய பொறுமைக்கு மைதாப் பசை.
காயும் முன் தொடாதீர்கள் என்றேன்.
யாபேஸ் இரண்டு தரம் தொட்டான்,
ஒரு தரம் நக்கினான்.
"உப்பே இல்லக்கா."
இச்சையடக்கம் அடுத்த மாதப் பாடம் என்பதால்
விட்டுவிட்டேன்.

தயவுக்கு விசிறி.
கத்திரி வெயில், கரன்ட் இல்லை,
கோட்டை அகழித் தண்ணீர்கூடக் கொதித்த வாரம்.
வீட்டில் யாருக்காவது வீசுங்கள் என்று அனுப்பினேன்.
திர்சாள் பக்கத்து வீட்டுக் கோழிக்கு வீசினாளாம்.
கோழி கண் மூடிக்கொண்டதாம்.
நட்சத்திரம் ஒட்டினேன், கோழியின் பேரில்.

பன்னிரண்டாம் வாரம் உண்மை.
பெட்டிகளை அடுக்கி ஒரு வீடு.
திறந்து மூடும் பதினொரு ஜன்னல்.
ஒவ்வொன்றின் பின்னாலும்
செய்துவிட்டுச் சொல்லாத ஒன்றை
அவரவர் எழுத வேண்டும்.
உள்ளே இருப்பது வெளியே தெரிகிற வீடுதான்
உண்மையின் வீடு
என்று நான் அழகாகச் சொல்லி முடித்தபோது

கெத்சியாள் கை தூக்கினாள்.
அவள் அப்பாவுக்குப் பழைய இரும்பு, பேப்பர் கடை.
"அட்டை கிலோ எட்டு ரூபா அக்கா.
உங்க கடையில கேட்டுகினுதான்
எட்த்துகினு வந்தீங்களா?"

தூக்கிப் போடுவதுதானே
என்று நாக்கு நுனிவரை வந்தது.
தூக்கிப் போடுவதில்லை.
மாதக் கடைசியில் எடைக்குப் போடுவதை
நானே கட்டிக் கொடுத்திருக்கிறேன்,
சணல் முடிச்சு என்னுடையது.

பதினொரு பேர்.
ஒரே ஒரு கத்தரிக்கோல்,
அதுவும் வெட்டுவதை நிறுத்தியிருந்தது.

"இல்ல" என்றேன்.

யாரும் அதிர்ச்சி அடையவில்லை.
"அப்ப நீங்களும் எழுதணும்" என்றான் ஒபேத்,
பன்னிரண்டாவது ஜன்னலுக்குக்
கோடு போட ஆரம்பித்தபடி.

திங்கட்கிழமை அமானுல்லா பாய்
மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார்.
சொன்னேன்.
எண்ணிக்கை தவறிவிட்டது,
முதலிலிருந்து எண்ணினார்.
பிறகு கால்குலேட்டரை இழுத்தார்.
வாரம் அரை கிலோ, பன்னிரண்டு வாரம்,
"நாப்பத்தெட்டு."
ஐம்பது கொடுத்தேன்.
சில்லறை இல்லையென்று இரண்டு இருமல் மிட்டாய்.
"பிள்ளைங்களுக்குன்னா கேட்டிருந்தா குடுத்திருப்பேனே"
என்று அவர் சொல்லவில்லை.
சொல்வார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன் போல.
"இனிமே கேளு" என்றார்,
அடுத்த சீட்டைக் கை நீட்டி வாங்கினார்.

மறு ஞாயிறு
என் ஜன்னலின் பின்னால் எழுதினேன்,
கிலோவும் ரூபாயும் சேர்த்து.
ஒட்டித் தருகிறேன் என்று யாபேஸ் வந்தான்.
ஒரு உள்ளங்கைப் பசை.

"இந்தச் செவுத்துல இன்னாமோ போட்டுகீதே"
என்று ஒபேத் எழுத்துக்கூட்டினான்.
இங்கிலீஷ் மீடியம்.
"வெளிச்சம் படாத இடத்துல வெக்கணுமாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
வீட்டைத் தூக்கி
தெருப் பக்கத்து ஜன்னல் கட்டையில் வைத்தேன்.
வெயில் நேராக உள்ளே போனது.

பதினொன்றும் மூடித் திறந்தன.
என்னுடையது மட்டும்
பசை இறுகி அப்படியே நின்றுவிட்டது.
"மூட வரல அக்கா" என்றான் யாபேஸ்,
விரலை நக்கியபடி.